எங்கள் ஊருக்கு வந்துபோன டெனிஷ்காரர்

மகளின் பரீட்சை நடந்த அறைக்கு வெளியே, மடியில் வெள்ளைத் தொப்பியோடு நான் இருந்தேன். என்னவர் கையில் சின்னக் கடதாசிக் கொடி. டென்மார்க்கில் மேல்வகுப்பு முடிக்கிற பிள்ளைகளின் கடைசிப் பரீட்சை பெரும்பாலும் வாய்மொழிதான். உள்ளே ஆசிரியருக்கும் வெளியிலிருந்து வந்த பரீட்சகருக்கும் முன்னால் பிள்ளை கதைத்துக்கொண்டிருக்க, வீட்டார் பூவும் கொடியுமாகக் கதவடியில் காத்திருப்பார்கள். புள்ளியைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்ததும் சிவப்புப் பட்டி போட்ட இந்தத் தொப்பியைத் தலையில் வைத்துவிட வேண்டும். பக்கத்துக் கதவடியில் நின்ற டெனிஷ் குடும்பம் கலியாண வீட்டுக்கு வந்ததுபோலச் சிரித்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது சத்திரசிகிச்சை அறை வாசல்.

அவளுக்கு மருத்துவிச்சியாக வேண்டும். டொக்டர் என்றால் கசக்குதோ என்று கேட்டுக் களைத்தவள் நான். மருத்துவிச்சிப் படிப்புக்கும் இங்கே பெரிய சராசரி வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் வாயை மூடினேன். சரித்திரப் பரீட்சை ஒன்றுதான் மிச்சம். அதில் பத்துப் புள்ளியாவது வந்தால் இடம் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை. பன்னிரண்டுதான் ஆகக்கூடிய புள்ளி.

தலைப்பைத் துண்டுச் சீட்டு எடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எடுத்துவிட்டு ஆயத்த அறைக்குப் போகிற வழியில் எங்களைத் திரும்பிப் பார்த்து, "கொலனி" என்று சொல்லிச் சிரித்தாள். டெனிஷ்காரர் கடல்கடந்து பிடித்த இடங்களைப் பற்றிய தலைப்பு. அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. காரணம் முந்தின கிழமை எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்தது.

டெனிஷ்காரர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வியாபாரம் செய்தது பலருக்குத் தெரியும். ஆனால் நானூறு வருடங்களுக்கு முன்னர் அவர்களுடைய கப்பல்கள் புறப்பட்டது இலங்கையை நினைத்துத்தானாம். வழியில் நோய் வந்து கனபேர் செத்துப்போக, மிஞ்சியவர்கள் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தார்கள். கண்டி அரசனோடு பேசி, கோணேசர் மலைப்பக்கம் கோட்டை ஒன்றைத் தொடங்கினார்கள். பேச்சு சரிவரவில்லை. வேலையை அரைகுறையில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தஞ்சாவூர் நாயக்கர் கொடுத்த தரங்கம்பாடிதான் அவர்களுக்கு நிலைத்தது.

இதையெல்லாம் மகள் சொல்ல, சோற்றில் கைவைத்தபடி நான் வாய்பிளந்து கேட்டேன். அந்த மலையடியில் பிறந்து வளர்ந்தவள் நான். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்கியிருக்கிறோம். டெனிஷ்காரர் என்ற பேச்சையே நான் கேட்டதில்லை. என் ஊர்க் கதையை எனக்குச் சொல்ல, இங்கே டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற பிராண்டேயில் பிறந்த பிள்ளை வேண்டியிருந்தது.

எனக்குத் தெரியாது என்பதில்தான் அவளுக்குச் சந்தோசம், பெரிய புளுகம். பரீட்சையில் இந்தத் தலைப்பு வந்தால் அதையே சொல்லப் போகிறாளாம்: என்ர அம்மா அந்த ஊர், அங்கே உங்களை ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. வழக்கம்போல டெனிஷில்தான் சொன்னாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் டெனிஷில் பதில் சொல்லுவாள், எங்கள் வீட்டில் அப்படித்தான்.

என்னவர் சாப்பாட்டை நிற்பாட்டினார். மின்சாரம் எடுக்கிற காற்றாடிகளுக்கு இறகு செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். மத்தியானச் சாப்பாட்டு அறையில் வெளிநாட்டுக்காரரைப் பற்றிக் கதை எழும்பினால் தன் கோப்பையைக் கழுவ எழுந்து போய்விடுவார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதைச் சுவரில் எழுதி மாட்டாத குறை.

"புத்தகத்தில இருக்கிறதைச் சொல்லு பிள்ளை. அவையின்ர நாட்டில இருந்துகொண்டு அவையைக் குத்திக் கதைக்காதை."

இது என்னுடைய நாடும்தானே என்று அவள் டெனிஷில் கேட்டாள். அவர் திரும்பவும் சோற்றைப் பிசையத் தொடங்கினார். நான் அவர் பக்கம் சேர்ந்துகொண்டு, தவளை தன் வாயால் கெடும் என்று சொல்லிவைத்தேன். எனக்கும் வாய் நீளம்தான். ஆனால் நான் அதைத் தமிழில் மட்டும் நீட்டுகிறவள்.

இப்போது கதவுக்குள்ளே அவளுடைய குரல் கேட்டது. சொல் விளங்கவில்லை. முதலில் நிதானமாகப் போன குரல் வரவர உயர்ந்தது. பிறகு ஆம்பிளைக் குரலில் சின்னதாக ஒரு கேள்வி. அவளும் சின்னதாகவே பதில் சொன்னாள். அதற்குப் பிறகு உள்ளே ஒரு சத்தமும் இல்லை.  என்னவர் கொடித் தடியை வளைத்து வளைத்து முறிக்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வெளியே வந்தவளின் முகம் சிவந்திருந்தது. அவர்கள் உள்ளே புள்ளி பேசி முடிக்குமட்டும் அவள் எங்களோடு நிற்க வேண்டும்.

"சொன்னனியோ?" என்றேன்.

"ஓம். சொல்லீட்டன்" என்று டெனிஷில் சொன்னாள்.

எதைச் சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று கேட்பதற்குள் கதவு திறந்து அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தது. ஒரு வாய்க்காகப் படிப்பையே கெடுத்துவிட்டாளே என்று பொருமினேன். கோணேசருக்கு நேர்த்தி வைத்தேன். உன்ர மலையால் வந்த வினை இது, நீதான் பார்க்கவேணும் என்று கொஞ்சம் அதட்டியும் விட்டேன்.

பத்து.

தொப்பியை முன்பின்னாக வைத்துவிட்டேன். அவளே திருப்பி வைத்துக்கொண்டாள். பக்கத்துக் குடும்பம் எங்களுக்கும் கைதட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சம் இரண்டும் எங்கே என்று கேட்டேன். கேட்காவிட்டால் நான் தாயில்லை.

பிராண்டேக்குத் திரும்புகிற வழியில், தெருவைப் பார்த்தபடியே என்னவர் கேட்டார், கடைசியாக அந்த மனிசன் என்ன கேட்டவன் என்று. உங்களை அங்கே ஒருத்தருக்கும் ஞாபகமில்லை என்று அவள் சொன்னதைப் பரீட்சகர் கவனமாகக் கேட்டிருந்தாராம். சிரிக்கவில்லையாம், முகம் சுளிக்கவும் இல்லையாம். டெனிஷ்காரர் பிறகு திருகோணமலைக்குத் திரும்பி வந்தார்களா என்று மட்டும் கேட்டாராம். தான் கொடுத்த பதிலை அவள் எங்களுக்காகத் தமிழில் சொன்னாள்.

"'இல்லை, அவை திரும்பி வரேல்லை. நாங்கள்தான் இஞ்ச வந்தனாங்கள்' எண்டு சொன்னன்."

 இந்த நாட்டுக்கு ஏன் வந்தாய் என்ற கேள்விக்கு எத்தனை அதிகாரிகளின் மேசைகளுக்கு முன்னால் இருந்து, எத்தனை தரம் தலையைக் குனிந்து பதில் சொல்லியிருப்போம். அதைத் தலை நிமிர்ந்து இவ்வளவு கெதியாக, ஒரு வரியில் சொல்லி முடிக்கலாம் என்று எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. இவர் இப்போது ஏசப் போகிறார் என்று நினைத்து நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

அவர் காரை மெதுவாக்கினார்.

"இன்னொருக்காச் சொல்லு, பிள்ளை" என்றார்.