விருந்துக்கு வந்த முத்துச்சரம்

எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து, நாங்கள் செய்த உபசாரத்திலேயே சாகக் கிடந்த செடி ஒன்று உண்டு. தொண்ணூறுகளின் நடுவில், கல்பாக்கம் குடியிருப்பில் நடந்த கதை இது. நான் அப்போது நான்காம் வகுப்பு.

செடி மாடி வீட்டு ஆன்ட்டியுடையது. அவர்கள் திருநெல்வேலிப் பக்கம், நாங்கள் செய்யூர்ப் பக்கம். அங்கிளும் அப்பாவும் ஒரே அலுவலகம் என்பதால், படிக்கட்டில் குழம்புக் கிண்ணங்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

அந்தக் குடியிருப்பில் சுவரில் ஆணி அடிக்கவே ஆயிரம் கட்டுப்பாடு. மேல்தளத்தைத் துளைப்பது பற்றிப் பேச்சே கிடையாது. அதனால் வீடு கட்டும்போதே கூடத்தில், பால்கனிக் கதவை ஒட்டி, வீட்டுக்கு ஒரு இரும்புக் கொக்கி வைத்துவிட்டிருந்தார்கள். எங்கள் கொக்கியில் நானும் தம்பியும் தூளியில் தூங்கி முடித்த பிறகு வெங்காயக் கூடை தொங்கியது. ஆன்ட்டி வீட்டுக் கொக்கியில் முத்துச்சரம் தொங்கியது.

முத்துச்சரம் என்பது ஆன்ட்டி வைத்த பெயர். பச்சைப் பட்டாணியை நூலில் கோத்துத் தொங்கவிட்டது மாதிரி, தொட்டியிலிருந்து சரம் சரமாக என் தலைக்கு மேல் வரை இறங்கியிருக்கும். சாயங்காலம் ஆன்ட்டி ஒரு முக்காலியில் ஏறி நின்று, சிக்கிய சரங்களை விரலால் பிரித்துவிடுவார். தலை வாரிவிடுகிற கைதான் அது. ஒருமுறை தம்பி அந்த முக்காலியில் ஏறித் தொட்டியைப் பிடித்து ஊஞ்சல் போல ஆட்டிவிட்டான். ஆன்ட்டி ஆடுகிற தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாதான் அவன் முதுகில் ஒன்று வைத்து இழுத்து வந்தாள். ஒரு செடியை ஆட்டியதற்கு அம்மாவுக்கு அவ்வளவு கோபமா என்று இருந்தது.

அந்த வருடம் ஆடி முடிந்த கையோடு ஆன்ட்டி சென்னையில் அவருடைய அக்கா வீட்டுக்குப் போனார். உடம்பு சரியில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். என்ன உடம்புக்கு என்று கேட்டால் "பெரியவங்க பேசுறப்ப உனுக்கு இன்னா?" என்று பதில் வந்தது. அங்கிள் வார நாட்களில் ஷிப்ட்டுக்குப் போவார், விடுமுறைக்குச் சென்னை போய்விடுவார். செடியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. போகிற அன்று ஆன்ட்டியே மெல்லப் படியிறங்கி வந்து, அங்கிள் கையிலிருந்த தொட்டியை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்.

"தண்ணி அதிகம் வேண்டாம்க்கா. பத்து நாளைக்கு ஒருக்கா கொஞ்சமா ஊத்துனா போதும், பாத்துக்கிடுங்க."

வெங்காயக் கூடை சமையலறைத் தரைக்கு இறங்கியது. முத்துச்சரம் எங்கள் கொக்கிக்கு ஏறியது. அம்மா அதைக் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டு எங்களிடம் சொன்னாள்: "இது நல்லா இருந்தா அவங்களும் நல்லா இருப்பாங்க. கை வெச்சீங்க, தோலை உரிச்சிடுவேன்."

வாய் வார்த்தையாகத்தான் சொல்லியிருப்பாள். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். செடி செத்தால் ஆன்ட்டி செத்துவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

இனி அம்மாவின் உபசாரம். பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் என்று ஆன்ட்டி சொன்னதை அம்மா நம்பவே இல்லை. நமக்குச் சிரமம் வைக்கக் கூடாதென்று மரியாதைக்குச் சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டாள். எங்கள் பக்கத்தில், போதும் என்கிற விருந்தாளியின் இலையில்தான் இன்னொரு கரண்டி சோறு விழும். "நம்ம வூட்டுக்கு வந்ததைப் பட்டினி போட்டா நல்லாவா கீது?" என்று சொல்லித் தினமும் காலையில் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றினாள். நாங்கள் சாப்பிடும் முன் அதற்கு ஊற்றியாக வேண்டும். பால்கனியில் இருந்த அவரைக்கொடிக்கும் ரோஜாவுக்கும் அதுதான், இதற்கும் அதுதான்.

முதலில் செடி தளதளவென்று இருந்தது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு ஒருநாள் பள்ளி விட்டு வந்தபோது, தொட்டிக்குக் கீழே தரையில் சில மணிகள் கிடந்தன. பச்சை போய், வெந்த ஜவ்வரிசி போலக் கண்ணாடியாக இருந்தன. மிதித்தால் பிசுக்கென்று நசுங்கின.

அம்மா பதறிப்போனாள். வாடுகிறது என்று நினைத்து மாலையிலும் தண்ணீர் ஊற்றினாள். மறுநாள் இன்னும் நிறைய விழுந்தன. ஒரு சரம் அடியோடு கழன்று வந்தது, வேர் இருக்க வேண்டிய இடம் கறுத்து நாறியது. நான் காலையில் எழுந்ததும் ஓடிப்போய்த் தரையைத்தான் பார்ப்பேன். விழுந்த மணிகளை அம்மா பார்க்கும் முன் பொறுக்கி ஜன்னல் வழியே எறிந்துவிடுவேன். என்னமோ, எண்ணிக்கை தெரியாவிட்டால் ஆன்ட்டிக்கு ஒன்றும் ஆகாது என்பது போல. பள்ளியில் பாடம் ஓடாது. சோறு இறங்காது.

யாரிடமும் யோசனை கேட்கவும் வழியில்லை. ஒரு வீட்டில் கேட்டால் சாயங்காலத்துக்குள் குடியிருப்பு முழுக்கத் தெரிந்துவிடும், அங்கிள் காதுக்கும் போய்விடும். அப்பா "அவங்க சொன்னபடி செய்ய வேண்டியதுதானே" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, அம்மா பார்த்த பார்வையில் எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த ஞாயிறு அங்கிளே வந்து நின்றார். முகத்தில் சவரம் இல்லை, கண் உள்ளே போயிருந்தது.

"அவ செடியைப் பார்த்துட்டு வரச் சொன்னா, அக்கா. படுத்தே கிடக்கா. எழுந்திரிக்கவே கூடாதுன்னுட்டாங்க. போன தடவை மாதிரி ஆயிரக் கூடாதுன்னு ஒரே பயம். சின்ன அதிர்ச்சிகூட ஆகாதாம்."

அம்மா வாசற்கதவில் ஒரு கையும் நிலையில் ஒரு கையுமாக வழியை அடைத்து நின்றாள். வந்தவரை உள்ளே கூப்பிடாமல் அம்மா வாசலில் நிறுத்தியதை என் ஆயுளில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சூப்பரா கீது சார். இப்பத்தான் தரை கழுவி விட்டேன், வழுக்கும். நல்லா கீதுன்னு தங்கச்சி கிட்ட சொல்லுங்க."

"ஒரு நிமிஷம் பார்த்துக்கிடுதேன். கண்ணால பார்த்தேன்னு சொன்னாத்தான் நம்புவா."

"அங்கிள்..." என்று நான் வாயெடுத்தேன். கதவுக்குப் பின்னால் அம்மாவின் கை இறங்கி என் தொடையைத் திருகியது. அதே நேரம் மாடியில் அவர் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அங்கிளின் முகம் வெளுத்துப்போனது. படிகளைத் தாவி ஏறினார். அம்மா அங்கேயே, வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மேலிருந்து என்ன சத்தம் வருகிறது என்று நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். அலுவலகத்திலிருந்து ஏதோ ஷிப்ட் மாற்றம். அவர் சத்தம் போட்டுப் பேசியது எனக்குப் பாட்டாகக் கேட்டது.

அன்று மத்தியானம் அம்மா பால்கனியைக் கூட்டும்போது, மூலையில் புழுதியோடு கிடந்த ஒரு சரம் முறத்தில் வந்தது. எப்போதோ காற்றில் அறுந்து விழுந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் கண்டதில்லை. ஆனால் மணிகள் கிண்ணென்று இருந்தன. திருப்பிப் பார்த்தால், புழுதியைப் பிடித்துக்கொண்டு வெள்ளை நூல் போல வேர்கள். அம்மா அந்த வேர்களை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு நெசமாத்தான்டி சொல்லிக்கீறா" என்றாள்.

பிறகு ஒரே மூச்சு. தொட்டியைக் கவிழ்த்து அழுகியதையெல்லாம் கொட்டினாள். பின்னால் புதுக் கட்டடத்துக்குக் குவித்திருந்த ஆற்று மணலை அப்பா ஒரு வாளி கொண்டுவந்தார். உடைத்த செங்கல் அடியில், மணல் மேலே. பிழைத்திருந்த சரங்களைத் துண்டாக்கி, வட்டமாகப் படுக்க வைத்தாள். அதற்கப்புறம்தான் பெரிய கஷ்டம். தண்ணீர் ஊற்றாமல் இருக்க வேண்டும். காலையில் அரிசி களைந்த பாத்திரத்தோடு அம்மா அனிச்சையாகக் கூடத்துக்கு வருவாள், பாதியில் நின்று திரும்பிப் போவாள். ஐப்பசி மழையில் சாரல் படக் கூடாதென்று பால்கனிக் கதவைச் சாத்தியே வைத்தோம். வீடு புழுங்கியது. அங்கிள் எப்போது கேட்டாலும் அம்மா படிக்கட்டிலேயே மறித்து நலம் சொல்லி அனுப்பினாள். ஒவ்வொரு முறையும் உள்ளே வந்து சாமி படத்துக்கு முன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தை பிறந்தபோது முதல் புதுச் சரம் தொட்டி விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்தது. பங்குனிக்குள் ஒரு முழம் இறங்கிவிட்டது. பழைய நீளம் இல்லைதான், ஆனால் உயிரோடு இருந்தது. உயிரோடு இருந்தால் போதும் என்பதுதான் என் கணக்கு.

ஒரு காலையில் வாசலில் கார் வந்து நின்றது. ஆன்ட்டி இறங்கினார். சாகவில்லை. இளைத்திருந்தார், கையில் பூத்துவாலை சுற்றிய ஒரு குழந்தை. யார் குழந்தையோ, அதைப் பார்க்க எனக்கு நேரமில்லை. உள்ளே ஓடி, அப்பாவை இழுத்துத் தொட்டியைக் கழற்ற வைத்து, நானே சுமந்து வந்து ஆன்ட்டி முன்னால் நீட்டினேன்.

ஆன்ட்டி ஒரு சரத்தை விரலில் ஏந்திப் பார்த்தார். சிரித்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "இனி நீங்களே வச்சுக்கிடுங்கக்கா. எங்க வீட்டுக் கொக்கி எனக்கு வேணும்" என்றார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எத்தனை நாள் சோறு இறங்காமல், கதவைச் சாத்தி, பொய் சொல்லிக் காப்பாற்றிய செடி. அதை வேண்டாம் என்கிறார், ஒரு இரும்புக் கொக்கி வேண்டுமாம்! அம்மா அழுவது அந்த அவமானத்தில்தான் என்று நினைத்தேன். அம்மாவுக்காகக் கேட்டே விட்டேன்.

"எங்க வூட்டுலயும்தான் ஒரு கொக்கி கீது. வெங்காயக் கூடைதான் மாட்டுவோம். வேணும்னா அதையும் கழட்டி எடுத்துக்குனு போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஆன்ட்டி சிரித்துக்கொண்டே அழுதார், அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். காரிலிருந்து பழைய பட்டுப்புடவை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஏறிய அங்கிளும் படியில் நின்று சிரித்தார். தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நான் மட்டும் சிரிக்கவில்லை.