கன்னத்தில் வெள்ளி விரல்கள்

செல்போன் வந்த புதிதில், ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆபீசில் (ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) நான் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். இடுப்பில் செல்போன் செருகிய இன்சூரன்ஸ் மேனேஜர் ஒருவர் வந்து, மருத்துவக் காப்பீட்டை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். சில மாதத்தில் ஓர் அறை வெடித்து, எங்களோடு வேலை பார்த்த அண்ணன் ஒருவர் வெந்துபோனார். வெடிபொருளால் வந்த காயத்துக்குக் காப்பீடு செல்லாது என்று கடிதம் வந்தது. பட்டாசு ஆபீசில் வேறு எதனால் காயம் வரும், மாடு முட்டியா?

அண்ணன் செத்துப்போனார். மறுவருஷம் அதே மேனேஜர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் புதுப்பிக்கச் சொல்லி வந்து, வாசலில் நின்று பல்லைக் காட்டினார். கூட்டத்திலிருந்து ஒரு கை அவர் கன்னத்தில் இறங்கியது. ஐந்து விரலும் வெள்ளியாய்ப் பதிந்தன. பட்டாசுக்கு மருந்து செலுத்துகிறவர்கள் கையில் வேலை நேரம் முழுக்க அலுமினியத் தூள் அப்பியே இருக்கும்.

"அம்புட்டுதானா? இன்னொண்ணு வச்சிருக்கலாம்ல" என்றார், மருந்து செலுத்தும் அக்கா ஒருவர்.

போலீஸ்காரர் வந்து எங்களை வரிசையில் நிறுத்தினார். "எவம்லே அடிச்சது? எல்லாரும் கைய நீட்டுங்க."

என் கையில் வெறும் பசைதான் இருந்தது. அக்காவின் உள்ளங்கையில் அந்தக் கையை அழுத்தித் தேய்த்து வெள்ளியாக்கிக்கொண்டு, நானும் நீட்டினேன்.