வெங்கடலட்சுமி டீச்சர் வாங்கிய நெடுந்தூரத் துப்பாக்கி

பீளமேட்டுப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் வெங்கடலட்சுமி விளையாட்டு டீச்சர். காலேஜில் படிக்கும்போதே என்.சி.சி. முகாமில் சுட்டு மெடல் வாங்கியவள். தடாகம் ஊரில் அப்பா விட்டுப்போன சோளக்காட்டில் காட்டுப்பன்றித் தொல்லை. அதற்காக அவர் வைத்திருந்த துப்பாக்கி லைசென்ஸ், அவருக்குப் பின் மகள் பெயருக்கு மாறியது. அவர் மகனுக்குப் பட்டாசுச் சத்தமே ஆகாது.

தொண்ணூற்று மூன்றாம் வருசம், ரைஃபிள் கிளப்பில் கிடந்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் அவள் அந்தப் படத்தைப் பார்த்தாள். நூறு வருசத்துக்கு முந்தைய நெடுந்தூரத் துப்பாக்கிகளை அச்சு அசலாக இப்போது புதிதாகச் செய்து, புல்தரையில் குப்புறப் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைக் கம்பியால் உள்ளே தள்ளி, பின்னால் தட்டினால் பொரியும் ஒரு கேப்பு வைத்து, ஒரே ஒரு வெடி. புகை விலகினால்தான் குண்டு எங்கே போனது என்று தெரியும். அவசரக்காரருக்கு ஆகாத வேலை. அதுவே அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

கிளப் செக்ரட்டரி மாரப்பன், நூல் மில் வைத்திருப்பவர், அதே படத்தைப் பார்த்து மயங்கினவர்தான். மூடிக்கிடந்த ஒரு கல்லுக்குழியில் போலீஸ் அனுமதியோடு வருசம் ஒரு முறை இந்த வகைத் துப்பாக்கிக்கு இருநூறு கஜப் போட்டி வைப்பதென்று அறிவித்தார்.

டீச்சர் அப்பாவின் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு அந்த மாதிரி ஒன்று வாங்க ஈரோட்டுக்குப் போனாள். துப்பாக்கிக் கடைக்காரர் நஞ்சுண்டன் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துக் கவுண்டரில் வைத்தார். நீளக் குழல், எண்ணெய் மினுங்கும் கட்டை, பின்னால் தூக்கி நிறுத்துகிற குறிப்பார்வைத் தகடு.

"வடக்க ஒரு பட்டறையில செஞ்சதுங்க அம்மிணி. ஐந்நூறு கெஜம் பிசகாம போகும். குழல் வாயில பாருங்க, உள்ள மரை வெட்டியிருக்குது. அதுதான் குண்டைச் சுத்திவிட்டு நேராக் கொண்டு போறது."

அவள் எட்டிப் பார்த்தாள். வரிகள் பளிச்சென்று சுழன்று இருட்டுக்குள் போயின.

"ஊட்டுக்காரரு வரலீங்களா? அவரும் ஒருக்கா தூக்கிப் பாத்தா நல்லது."

"லைசென்ஸ் எம்பேர்லீங்க. நான் தூக்கிப் பாத்தாப் போதும்."

போட்டியன்று ஒரு குண்டுகூட அட்டையில் படவில்லை. ஒன்று இடப்பக்கம் மண்ணைக் கிளப்பியது, ஒன்று மேலே பாறையில் தெறித்தது, மற்றவை போன இடமே தெரியவில்லை. புகைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். மாரப்பன் எல்லார் முன்னாலும் கனிவாகவே பேசினார். அந்தக் கனிவுதான் அவளைச் சுட்டது.

"மனசுல வச்சுக்காதீங்க டீச்சர். இது ஆம்பளைத் தோளுக்குன்னு செஞ்ச சாமானுங்க. நீங்க சின்ன ரைஃபிளையே வச்சுக்குங்க."

அவள் நம்பவில்லை. ஆனால் சந்தேகம் உள்ளே இறங்கிவிட்டது. பள்ளி விட்டதும் வாளியில் தண்ணீர் நிரப்பி ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்து நின்றாள். மூச்சை அடக்கிப் பழகினாள். கண் டாக்டரிடம் போனாள். கண்ணில் குறையில்லை என்றார். அனுமதி கிடைத்த நாட்களில் எல்லாம் கல்லுக்குழிக்குப் போனாள். மருந்தைக் கூட்டினாள், குறைத்தாள். குண்டு தன் இஷ்டத்துக்குப் போனது. இருபது வருசமாகப் பிள்ளைகளுக்குக் குறி பார்க்கச் சொல்லிக்கொடுத்தவள், கூடைப்பந்தை எறியும்போதுகூடத் தன் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பின்னாளில் அவளுக்கு ஆறாத கோபம் இந்த மாதங்களை நினைத்துத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மருந்தில்லாமல் ஒரு குண்டைத் துணி சுற்றித் தள்ளிப் பார்த்தாள். ஒரு சாண் தூரம் இறுக்கமாகப் போனது. அதற்கப்புறம் கிணற்றில் விழுந்த மாதிரி 'டொக்'கென்று அடிவரை இறங்கியது. கம்பி நுனியில் திருகாணி மாட்டி, குண்டில் முறுக்கி அதை வெளியே இழுத்தாள். மறுபடி தள்ளினாள். மறுபடியும் 'டொக்'.

"ஏனுங்க, இங்க வாங்க" என்றாள்.

அவள் கணவர் சுந்தரராஜுலு எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றித் தரும் கடை வைத்திருப்பவர். அதிகம் பேச மாட்டார். விசயத்தைக் கேட்டுவிட்டு, ஒரு குட்டி பல்பை வயரில் கட்டிக் குழலுக்குள் மெதுவாக இறக்கினார். இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். வாயிலிருந்து ஒரு சாண் வரை அழகான மரை. அதற்குக் கீழே தண்ணீர்க் குழாய் மாதிரி வழவழவென்று இருந்தது. வாங்க வருகிறவன் எட்டிப் பார்க்கும் தூரத்துக்கு மட்டும் வெட்டி வைத்திருந்தான், அதைச் செய்த புண்ணியவான்.

"லட்சுமி, உன்ற கையில ஒண்ணுமில்ல" என்றார் சுந்தரராஜுலு.

அவள் அழுதாள். பிறகு துப்பாக்கியை உறையில் போட்டு, லைசென்ஸ் புத்தகத்தையும் பல்பையும் பேட்டரியையும் பைக்குள் வைத்தாள்.

அடுத்த லீவு நாளில் நஞ்சுண்டன் கடையில் நாலைந்து விவசாயிகள் கேப்பு வாங்க நின்றிருந்தார்கள். அவள் சொன்னதைக் கேட்டு நஞ்சுண்டன் சிரித்தார்.

"பொம்பளைங்க கை கொஞ்சம் நடுங்குமுங்க அம்மிணி. துப்பாக்கியக் குத்தம் சொன்னா எப்படி?"

அவள் கவுண்டர் மேல் துப்பாக்கியைச் சாய்த்துப் பல்பை இறக்கினாள். "நீங்களே பாருங்க" என்று பக்கத்தில் நின்ற விவசாயியைக் கூப்பிட்டாள். அவர் பார்த்தார். அடுத்தவர் பார்த்தார். "அலமாரியில இதே மாதிரி இருக்குற இன்னொண்ணையும் எடுங்க" என்றாள். நஞ்சுண்டன் எடுக்கவில்லை.

"எடுங்களேன், பாத்துப்போடலாம்" என்றார் அந்த விவசாயி.

அதிலும் ஒரு சாண்தான். நஞ்சுண்டன் குரலைத் தாழ்த்தினார்.

"நான் செஞ்சதுங்களா? வந்ததை விக்கறேன். விடுங்க, நல்லதா ஒண்ணு தருவிச்சுத் தாரேன்."

"அது நீங்க தந்துதான் ஆவோணும். எங்க கிளப்புக்கு வந்து, டீச்சர் கையில குத்தமில்லை, துப்பாக்கிதான் மோசம்னு மாரப்பன்கிட்டச் சொல்லுங்க."

"அதெல்லாம் எதுக்குங்க? சாமான் மாத்தித் தந்தா முடிஞ்சுது."

"உங்களுக்கு முடிஞ்சுது. என்னை ஊரே சிரிச்சுதுங்க. அதை எங்க போய் மாத்தறது?"

அவர் வரச் சம்மதிக்கவே இல்லை. மாற்றுத் துப்பாக்கி மட்டும் வந்தது, அதுவும் போலீசில் புகார் எழுதிக் கொடுத்த பிறகு. அந்தப் புகார்ப் பேச்சு கிளப்புக்கும் எட்டியது. லைசென்ஸில் புது நம்பர் ஏற்றக் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். இம்முறை கடையிலேயே அடிவரை பல்பு இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

மறுவருசப் போட்டியில் அவள் குண்டுகள் அட்டையின் கறுப்பு வட்டத்துக்குள் ஒரு கைப்பிடி அகலத்தில் விழுந்தன. முதலிடம் அவளுக்கு. மாரப்பன் வந்து கும்பிட்டார்.

"இந்தத் தடவை உங்களுக்குத் துப்பாக்கி நல்லா அமைஞ்சுபோச்சுங்க டீச்சர்."

"ஏனுங்க, போன வருசம் படலீன்னா என்ற தோளு. இந்த வருசம் பட்டா துப்பாக்கி. அப்ப நான் எப்பத்தானுங்க சுடறது?"

"அட, தமாசுக்குச் சொன்னேனுங்க."

"எனக்குத் தமாசா இல்லீங்க. போன வருசம் எல்லாரு முன்னாலயும் சொன்னீங்க. இப்பவும் எல்லாரு முன்னாலயும் நடந்ததைச் சொல்லுங்க."

மாரப்பன் சுற்றிலும் பார்த்தார். பரிசு கொடுக்கும் நேரத்தில் மைக்கைப் பிடித்து, "போன வருசம் நம்ம டீச்சரோட துப்பாக்கியில ஏதோ கோளாறு இருந்துதாம்" என்றார்.

பரிசுக்கு மேடையேறியிருந்த வெங்கடலட்சுமி இறங்கவில்லை. "இருந்துதாம் இல்லீங்க" என்றாள், மைக்கில் கேட்கும்படி. "இருந்துச்சு."

மாரப்பன் மைக்கை மறுபடி வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். "இருந்துச்சுங்க" என்றார். "டீச்சர் கையில குத்தமில்லை."

அவள் கோப்பையை வாங்கிக்கொண்டு இறங்கினாள். வீட்டில் குழலுக்குள் வெந்நீர் ஊற்றிக் கரியைக் கழுவும்போது, சந்தோசமாக இருக்கிறாயா என்று சுந்தரராஜுலு கேட்டார்.

"கேட்டு வாங்கோணுமா அந்தச் சொல்லை?" என்றாள். கறுப்புத் தண்ணீர் நின்று தெளிந்து வரும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.