திண்டிவனம் பக்கம் லாஸ்

1. டோன் குடு

அறுபதுகளின் தொடக்கத்தில் விழுப்புரம் ரிப்பீட்டர் ஸ்டேஷனில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். சென்னையிலிருந்து தெற்கே போகும் டிரங்க் டெலிபோன் லைன்கள் எங்கள் ஸ்டேஷன் வழியாகப் போகும். கம்பத்தில் ஓடுகிற செம்புக் கம்பியில் பேச்சு போகப் போகத் தேயும். தேய்ந்ததைப் பெருக்கி மேலே அனுப்புவது ரிப்பீட்டரின் வேலை. எவ்வளவு தேய்ந்தது என்று அளப்பது என் வேலை.

முதல் நாள் சூப்பர்வைசர் ராகவன் சார் என்னை மீட்டர் முன்னால் உட்கார வைத்தார்.

"இங்கேருந்து ஒரு மில்லிவாட் டோன், ஒரே சீரான சத்தம், அனுப்புவே. அது எவ்வளவா வந்து சேர்ந்துச்சுன்னு திண்டிவனத்து மெக்கானிக் படிச்சு சொல்லுவார். மூணு டெசிபல் கொறைஞ்சா பவர் பாதியாயிடுச்சுன்னு அர்த்தம். பத்து கொறைஞ்சா பத்துல ஒரு பங்கு. இருபதுன்னா நூத்துல ஒரு பங்கு. கூட்டிக் கழிச்சா போதும், பெருக்கி வகுக்கிற பேஜாரு கிடையாது."

டெசிபலைச் சுருக்கமாக டி.பி. என்போம். ஒருநாள் டீக்கடையில், "இன்னைக்கு எனக்கு ஒம்போது டி.பி. வந்துடுச்சு சார்" என்று ராகவன் சாரிடம் சொல்லிவிட்டேன். டி.பி. என்றால் ஊருக்கெல்லாம் காசநோய்தான். மறுநாளிலிருந்து கடைக்காரர் எனக்கு மட்டும் தனி கிளாஸ் வைத்தார். சார் போய் விளக்கம் சொன்ன பிறகும் அந்த மனுஷனுக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

திண்டிவனத்து மெக்கானிக் ஏழுமலை. ஓமந்தூர்ப் பக்கத்துக்காரர், என் வயசுதான். தினமும் காலையில் லைனில் வருவார். "விழுப்புரம், டோன் குடு." கொடுப்பேன். "ஏழு." அதாவது ஏழு டெசிபல் லாஸ், லைன் நன்றாக இருக்கிறது என்று பொருள். மழை நாளில் கண்ணாடிபோலத் துடைத்த பீங்கான் இன்சுலேட்டர்கூட ஈரத்தில் கசியும், எட்டு, ஒன்பது என்று ஏறும். டெஸ்ட் முடிந்ததும் ஐந்து நிமிஷம் ஊர்க்கதை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளைந்ததா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா. மெதுவாக, பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோலப் பேசுவார். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிப் பேசியும் நாங்கள் நேரில் பார்த்ததில்லை. அவருக்கு நான் விழுப்புரம், எனக்கு அவர் திண்டிவனம்.

2. மீட்டர் ஒன்று சொல்ல, ஆள் ஒன்று சொல்ல

ஒரு கோடையில் ஏழுமலை புகார் சொல்ல ஆரம்பித்தார்.

"உன் பேச்சு மந்தமா வருது, விழுப்புரம். லைன்ல எங்கியோ லாஸு கீது."

"மீட்டர்ல எவ்வளவு?"

"ஏழுதான் காட்டுது. மீட்டரு பொய் சொல்லுதுன்னு நெனைக்கிறேன்."

மீட்டரை மாற்றி அனுப்பினோம். அதுவும் ஏழு காட்டியது. புகார் நிற்கவில்லை. லைன்மேன்கள் சைக்கிளில் போய்க் கம்பம் கம்பமாக ஏறி ஜாயிண்டுகளைப் பார்த்தார்கள், இன்சுலேட்டர்களைத் துடைத்தார்கள். அப்படியும், "மந்தமாத்தான் வருது" என்றார்.

திண்டிவனத்தில் கால் இணைக்கிற போர்டில் இருந்த ஆபரேட்டர் ஸ்டெல்லாம்மாவைக் கேட்டேன். "எனக்கு நல்லா கேக்குதுங்க. பார்ட்டிங்ககிட்டேருந்தும் கம்ப்ளைண்ட் ஒண்ணும் வரல" என்றார்.

ராகவன் சார் பொறுமை இழந்தார். வெயிலில் கம்பம் ஏறிய ஆட்கள் அவரிடம் வந்து சண்டை போட்டிருந்தார்கள். "நீயே டெஸ்ட் செட்டை எடுத்துக்கினு போய்ப் பாரு. லைன்ல ஒண்ணும் இல்லேன்னா அந்த ஆளு மேல ரிப்போர்ட் எழுத வேண்டியதுதான்."

பாசஞ்சர் ரயிலில் போனேன். மயிலம் தாண்டியும் ஏழுமலையிடம் கோபித்துக்கொள்வதா கெஞ்சுவதா என்று யோசித்துக்கொண்டே போனேன். ஏழுமலை ரயில்வே ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். ஒல்லியான மனிதர், நெற்றியில் திருநீறு. இன்ஜின் ஆவியைச் சீறிக்கொண்டு நின்ற அந்த இரைச்சலில் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் சரியாகப் பதில் சொன்னார். அவர் சொன்னதுதான் எனக்குப் பாதி கேட்கவில்லை.

3. அட்டென்யுவேட்டர்

எக்ஸ்சேஞ்சில் லைனை எல்லா அலைவரிசையிலும் அளந்தேன். கீழ்ச் சுருதி, நடு, மேல் சுருதி, எல்லாம் ஒழுங்காக இருந்தன. ரிசீவரைக் காதில் வைத்தேன். விழுப்புரத்தில் ராகவன் சார் இருமுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. ரிசீவரை ஏழுமலையிடம் கொடுத்தேன். வலது காதில் அழுத்தி வைத்தார். பிறகு இடது காதுக்கு மாற்றினார். மறுபடி வலது.

"பாத்தியா, மந்தமாத்தான் கீது."

அப்போதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. அதுவரை வராததற்குக் காரணம் அவர் மெதுவாகப் பேசியதுதான். காது மந்தமானவர் கத்திப் பேசுவார் என்றுதான் எல்லோரையும்போல நானும் நினைத்திருந்தேன்.

டோனைக் கொடுத்து, நடுவில் அட்டென்யுவேட்டர் பெட்டியைச் சேர்த்தேன். அதன் குமிழைத் திருகத் திருக ஒலி ஐந்தைந்து டெசிபலாகக் குறையும். "சத்தம் நின்னதும் கையைத் தூக்கு" என்றேன். குறைத்துக்கொண்டே போனேன். கையைத் தூக்கினார். ரிசீவரை வாங்கி என் காதில் வைத்தேன். டோன் கணீரென்று இருந்தது. மேலும் குறைத்தேன். அவர் என் கையையும் குமிழையும் பார்த்துக்கொண்டே நின்றார். இன்னும் முப்பது டெசிபல் குறைத்த பிறகுதான் எனக்கு மறைந்தது.

முப்பது டெசிபல் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதை நான் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஏழுமலை நாற்காலியில் உட்கார்ந்தார். "லாஸு லைன்ல இல்ல" என்றார்.

"இல்ல."

"மூணு பசங்கப்பா எனக்கு. காது கேக்காதவனை எவன் டெலிபோன்ல வெச்சுக்குவான்?"

நான் விழுப்புரம் போய் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. போர்டிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாம்மா எழுந்து வந்து இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தார். ஏழுமலை குடித்துவிட்டுச் சட்டையைச் சரி செய்துகொண்டார்.

"நீ போய் சொல்ல வேணாம். நானே வர்றேன். என் வாயாலயே சொல்லிடறேன்."

4. சாரும் டாக்டரும்

ராகவன் சார் முழுவதையும் கேட்டார். ஏழுமலை நின்றபடியே சொன்னார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுதப்போவதாக என்னிடம் சொல்லியிருந்த ரிப்போர்ட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"லாஸுன்னு சொன்னே. லாஸ் இருக்கத்தான் செய்யுது. எடத்தைத்தான் தப்பா சொல்லிட்டே" என்றார். "வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம். மொதல்ல மெட்ராசுக்குப் போய் காது டாக்டரைப் பாரு. நீயும் கூடப் போப்பா."

சென்னையில் டாக்டர் ஏழுமலையின் காதில் ஹெட்போனை மாட்டி ஒரு கருவியைத் திருகினார். அதன் முகப்பில் டெசிபல் என்று எழுதியிருந்தது. ஏழுமலை என்னைப் பார்த்தார். பிறகு டாக்டர் அதிர்கிற ஒரு சின்னத் துண்டைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். ஏழுமலை முகம் மாறியது. "இது நல்லா கேக்குதுங்க" என்றார்.

"உள் நரம்பு நல்லா இருக்கு" என்றார் டாக்டர். "நடுக் காதுல ஒரு குட்டி எலும்பு அசையாம இறுகிப்போச்சு. சத்தம் உள்ளே போற வழியிலதான் கோளாறு. உங்க குரல் உங்களுக்கு எலும்பு வழியா பெருசாக் கேக்கும், அதனாலதான் மெதுவாப் பேசறீங்க. இரைச்சல்ல மத்தவங்க உரக்கப் பேசுவாங்க, உங்களுக்கு அது சௌகரியம். ஆபரேஷன் பண்ணலாம். நூத்துக்கு நூறு உறுதின்னு சொல்ல மாட்டேன்."

ஏழுமலை யோசித்தார். அவர் மனைவி கனகா மேல்மலையனூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். வலது காதில் ஆபரேஷன் நடந்தது. ஒரு மாசம் அவருடைய டெஸ்ட் வேலையை ஸ்டெல்லாம்மா பார்த்தார். மீட்டர் படிப்பதில் அவர் எங்களைவிட வேகம்.

டெலிபோன் வேலைக்கு வரும் இளைய தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். "எனக்குக் கேக்கல" என்று ஒருவர் சொன்னால், மீட்டரைக் காட்டி வாயை அடைக்காதீர்கள். மீட்டர் கம்பியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைதான் அளக்கும். அதற்கு அப்பாலும் வழி இருக்கிறது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு எப்படிக் கேட்கிறது என்று பாருங்கள்.

ஏழுமலை வேலைக்குத் திரும்பிய அன்று டெஸ்ட் முடிந்தும் லைனை விடவில்லை.

"வீட்ல கனகா பேசறது இடி மாதிரி கீதுப்பா. இத்தினி வருசமா இந்த சத்தத்துலதான் எங்கிட்ட பேசிக்கினு இருந்திருக்கா. எனக்கும் தெரியல, அவளுக்கும் தெரியல."

"மெதுவா பேசச் சொன்னியா?"

"சொல்லல" என்றார். "இன்னும் ரெண்டு நாளைக்கு அப்பிடியே கேட்டுக்கறேன்."