பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

என் மனைவியின் இதயத்தில் ஒரு கதவு சரியாக மூடுவதில்லை. பள்ளிக்கூடக் காலத்தில், மூட்டெல்லாம் வீங்க வந்த காய்ச்சல் ஒன்று, போகிற போக்கில் அந்தக் கதவின் விளிம்பைக் கடித்துவிட்டுப் போயிருக்கிறது. முன்னால் போகவேண்டிய இரத்தம் பின்னால் திரும்புகிறது. கிணற்றடியிலிருந்து குசினிக்கு வருவதற்குள் அவள் நின்று நின்று வந்ததும், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே நித்திரை கொண்டதும் அதனால்தான்.

"வால்வு மாத்த வேணும்" என்றார் டொக்டர். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் செய்வார்கள். பெயரும் பதிந்துவிட்டோம். ஆனால் எங்களுக்கு முன்னால் நின்றவர்களும் மூச்சு முட்டுகிறவர்கள்தான். அவர்களைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு என்ன உரிமை? "முறை வருமட்டும் இவவின்ரை நெஞ்சு தாங்குமோ தெரியாது. வசதி இருந்தால் கொழும்பிலை பிரைவேட்டாய்ச் செய்யுங்கோ. கெதியாய்ச் செய்யுங்கோ" என்று அந்த மனிதரே சொன்னார். வசதி இருந்தால். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த இரண்டு சொல்லும் எங்களோடு சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

காப்பும் சங்கிலியும் அடைவுகடைக்குப் போயின. வங்கி தரக்கூடியதைத் தந்தது. அது காணாது, கிட்டவும் வராது. மிச்சம் இருந்தது வெளிநாடு. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தமும் இப்போது ஒரு வட்ஸ்அப் குழுவுக்குள்தான் குடியிருக்கிறது. அங்கே பிறந்தநாள் கேக் வெட்டப்படும், பனி கொட்டும், பிள்ளைகள் பட்டம் வாங்கும். அங்கே போய்க் கேட்பது என்று முடிவு செய்தோம். முடிவு செய்தது அவள். நான் தலையை ஆட்டினேன்.

என்னுடைய வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மருதனார்மடச் சந்திக்குக் கிட்ட ஓர் அச்சகத்தில் இருக்கிறேன். கலியாணக் கார்ட்டும் வரும், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக் கார்ட்டும் வரும். ஆனால் எங்களுக்குச் சோறு போடுவது செத்தவீடு. மரண அறிவித்தல், கண்ணீர் அஞ்சலிப் பானர், முப்பத்தோராம் நாள் வந்தவர்களுக்குக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம், அந்தப் புத்தகத்துக்குள் இறந்தவர் மேல் பாடுகிற பாட்டு. பாட்டையும் நானே கட்டிக் கொடுப்பேன். முகம் தெரியாத எத்தனையோ பேரைக் குலவிளக்கு என்றும் கற்பகதரு என்றும் எழுதிய கை இது. எங்கள் ஆட்கள் செத்தவருக்கு ஒரு குறையும் வைப்பதில்லை. பானர் கனடாவிலிருந்து வரும், பந்தல் நோர்வேயிலிருந்து வரும், எட்டாம் நாள் படையலான எட்டுச்செலவு பாரிசிலிருந்து வரும். உயிரோடு இருந்தபோது டொக்டர் மறித்த பலகாரமெல்லாம் அன்றைக்கு வாழையிலையில் குவிந்து கிடக்கும்.

அன்று பின்னேரம் வேலை முடிந்ததும் அச்சகக் கணினியிலேயே அவளுடைய படத்தை எடுத்தேன். தங்கை மகளின் கலியாணத்தில் எடுத்தது, நல்ல சிரிப்பு. பின்னால் நின்ற ஐஸ்கிறீம் வண்டியை வெட்டினேன். முட்டை வடிவச் சட்டம் ஒன்றுக்குள் வைத்துச் சுற்றிவர மல்லிகைப்பூ விட்டேன். வடிவாய் வந்தது. குழுவுக்கு அனுப்ப எடுத்து, படத்துக்குக் கீழே எழுதத் தொடங்கினேன். விரல் தானாகவே ஓடியது:

'மானிப்பாயைப் பிறப்பிடமாகவும், சுன்னாகத்தை வதிவிடமாகவும் கொண்ட...'

ஒரு மனிதரை எங்கள் ஊர் அச்சில் அறிமுகம் செய்கிற வரி இதுதான். மரண அறிவித்தலில் மட்டும் வருகிற வரி. உயிரோடிருக்கிற ஒருவரை இப்படி ஊருக்கு அறிமுகம் செய்யவேண்டிய தேவை எனக்கு அதுவரை வந்ததில்லை. வேறு வரி என்னிடம் இருக்கவும் இல்லை. கீழே எல்லாம் சரியாகத்தான் எழுதினேன். இதய நோய், சத்திரசிகிச்சை, உங்களால் இயன்ற உதவி என்று முடித்து அனுப்பினேன். ஆனால் வட்ஸ்அப்பில் முதல் வரிகள்தான் தெரியும். மிச்சத்துக்கு விரலால் தட்ட வேண்டும். ஒருவரும் தட்டவில்லை.

சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். அவள் கதிரையில் போனோடு இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, நான் எப்ப செத்தனான்?"

போனை வாங்கிப் பார்த்தேன். கூப்பிய கைகள் வரிசை வரிசையாக. எரிகிற விளக்குகள். ஓம் சாந்தி, ஓம் சாந்தி, ஓம் சாந்தி. பாரிசில் இருக்கிற அவளுடைய சித்தி ஒரு முழுப் பந்தி எழுதியிருந்தார்: பொறுமையின் சிகரமே, எங்கள் குடும்பத்தின் குத்துவிளக்கே, உன்னை மறப்போமா. நோர்வேயில் இருக்கிற அவளுடைய மாமா மகன் 'பந்தல் செலவு முழுக்க என்ரை' என்று போட்டிருந்தான். கடைசியாக, கனடாவில் இருக்கிற என்னுடைய அண்ணை: 'எட்டுச்செலவை நான் பாக்கிறன். ஊர் சொல்லுற மாதிரிச் செய். சந்தியிலையும் ஒரு பானர் கட்டு.'

அழிக்கிற இடத்தைத் தேடினேன். "விசர் வேலை பாத்திட்டன் அப்பா. பொறும், அழிச்சுப் போட்டு மன்னிப்புக் கேக்கிறன்."

"தொடாதேங்கோ."

அவள் போனைத் திரும்பப் பறித்தாள். சித்தியின் பந்தியைச் சத்தமாக வாசித்தாள். சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சைப் பிடித்து, முதுகைத் தடவிக்கொண்டு நான் நின்றேன். மூச்சு வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"போன கிழமை இதே சித்திக்கு நான் போன் எடுத்தனான். 'இஞ்சையும் சரியான கஷ்டம் பிள்ளை' எண்டு வைச்சவ. குத்துவிளக்காம். விளக்கு எரியேக்கை எண்ணெய் விட ஆளில்லை, அணைஞ்சாப் பிறகு குடம் குடமாய் ஊத்துகினம்."

"இப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?"

"நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். நீங்கள் செய்தது காணும்."

கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள், ஏதோ ஆட்கள் முன்னால் வந்து நிற்கிற மாதிரி. போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, மூச்சு விட்டு விட்டுக் கதைத்தாள்:

"எல்லாருக்கும் வணக்கம். செத்தவள் கதைக்கிறன். நான் இன்னும் சாகேல்லை, என்ரை மனுசன்தான் அவசரப்பட்டிட்டார். சித்தி, நீங்கள் எழுதினதை வாசிச்சுப் போட்டு எனக்கே அழுகை வந்திட்டுது. இப்பிடி ஒரு பிள்ளை உங்களுக்கு இருந்தது எனக்குத் தெரியாமல் போச்சு. பந்தல் எண்டவை, பானர் எண்டவை, எட்டுச்செலவு எண்டவை... நீங்கள் சொன்னால் சொன்னதுதானே? அந்தக் காசை இப்ப அனுப்புங்கோ. வால்வு மாத்தினால் நான் இருப்பன். இருந்தால் உங்களுக்குப் பந்தல் செலவும் மிச்சம். வைக்கிறன்."

அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி கேட்டாள்.

கேட்டுவிட்டார்கள் என்பதற்கு நீலக் குறிகள் விழுந்தன. விளக்குகள் ஒவ்வொன்றாக அழிக்கப்பட்டன. கூப்பிய கைகள் மறைந்தன. சிலர் குழுவை விட்டே வெளியேறினார்கள். ஒரு மனுசி உயிரோடிருப்பதைத் தாங்க முடியாமல் ஆட்கள் எழும்பிப் போவதை என் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த நாள் அச்சகத்துக்குப் போனால் முதலாளி என்னைக் கண்டு எழும்பினார். "என்ன தம்பி, லீவு எடுக்காமல் வந்திருக்கிறாய்? பிரேதம் எப்ப எடுக்கிறியள்?" அவர் வரைக்கும் படம் போயிருந்தது. விசயத்தைச் சொன்னேன். தலையில் கை வைத்தார். "எங்கடை கை பழுதாய்ப் போச்சடா தம்பி. நானும் ஒருக்கால் கலியாணக் கார்ட்டிலை மாப்பிள்ளைக்கு அமரர் எண்டு அடிச்சனான். அவன் இப்பவும் சந்தையிலை வெங்காயம் விக்கிறான்." என்னுடைய சம்பளத்தை முன்பணமாகத் தந்தார்.

நோர்வேக்காரன் சொன்ன சொல்லுக்கு நின்றான். "மச்சாள், பந்தல் இல்லாமல் வெயிலுக்கை படுக்கப் போறியள், எனக்கென்ன" என்று ஒரு சிரிப்போடு காசு வந்தது. சித்தி ஒரு சொல்லும் இல்லாமல் அனுப்பினார். கொடுத்தவர்களும் இருந்தார்கள் என்பதை எழுதாமல் விட்டால் நான் மனிதனில்லை.

அண்ணை அனுப்பவில்லை. போன் எடுத்தார்.

"டேய், என்ன விளையாட்டு இது? செத்தவீட்டுக்கு எண்டு மனசிலை ஒதுக்கின காசை உயிரோடை இருக்கிறவளுக்குக் குடுக்கலாமோ? அவளுக்குத்தான் கூடாது. அபசகுனம்."

"வால்வு மாத்தாட்டிலும் அவளுக்குக் கூடாதுதான், அண்ணை."

"ஊருலகமெல்லாம் கையேந்தி எங்களையும் நாறடிச்சுப் போட்டாய். இஞ்சை என்ரை ஆக்கள் விடுத்து விடுத்துக் கேக்கினம்."

"கேக்கட்டும். சந்தியிலை அவளுக்குப் பானர் கட்டினால் உங்களுக்கு மரியாதை. அவள் மூச்சு விட்டால் மட்டும் நாத்தமோ?"

வைத்துவிட்டார். எனக்கும் வயது போய்விட்டது, அண்ணையோடு அப்படிக் கதைத்தது அதுதான் முதல்முறை. ஆனால் வெட்கம் வரவில்லை. வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. சாவதற்கு முந்தி வாய் திறந்தால் பிச்சை, செத்த பிறகு வந்து குவிந்தால் கௌரவம். இந்த ஒழுங்கை யார் எழுதினார்களோ, அதற்கு அச்சுக்கோத்தவர்களில் நானும் ஒருவன். இனிக் கோக்க மாட்டேன் என்று எனக்குள் சத்தமாகச் சொன்னேன். சைக்கிளை மிதித்துக்கொண்டு, தோட்டங்களுக்கு நடுவே, வெங்காயத் தாள் மணக்கிற காற்றில், ஆளில்லாத ரோட்டைப் பார்த்துச் சொன்னேன்.

கையில் இருந்ததை முற்பணமாகக் கட்டிக் கொழும்பில் அவளைச் சேர்த்தோம். மிச்சத்தை வீட்டுக்குப் போகிற அன்று கட்டலாம் என்றார்கள்.

"மிச்சத்துக்கு என்ன செய்யப் போறியள்?" என்று கட்டிலில் கிடந்தபடி கேட்டாள்.

"கேப்பன்."

"ஆரை?"

"எல்லாரையும்."

சத்திரசிகிச்சை முடிந்து அவள் கண் திறந்தாள். நெஞ்சின் நடுவே ஒரு நீளத் தையல். கேட்டுக்கொண்டே இருந்தேன். பழைய சிநேகிதர்களை, கல்வெட்டு எழுதிக் கொடுத்த வீடுகளை, ரயிலில் பக்கத்தில் இருந்து வந்தவரைக்கூட. துண்டு விழுந்தபடியேதான் இருந்தது. வீட்டுக்கு விடுவதற்கு முதல் நாள், போனில் அண்ணையின் செய்தி: 'அம்மாவின்ரை திவசத்துக்கு அனுப்பியிருக்கிறன். இந்தமுறை கொஞ்சம் பெரிசாய்ச் செய். வேறை ஒண்டும் கேக்காதை.' அம்மாவின் திவசத்துக்கு இன்னும் மாதங்கள் கிடந்தன. கொஞ்சம் பெரிதாக என்றால் எவ்வளவு பெரிது என்று வங்கியில் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக் கவுண்டரில் கொண்டுபோய்க் கட்டி, அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

திவசம் வந்தது. வழமையாக ஐயர் வருவார், ஊரே இருந்து சாப்பிடும். இந்த முறை சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, ஒரு வாழையிலை. சமைத்தது நான். பாரம் தூக்கக்கூடாத அவள் கதிரையில் இருந்து உப்பையும் என்னையும் திருத்திக்கொண்டிருந்தாள். அண்ணை வீடியோவில் வந்தார்.

"எங்கையடா ஐயர்? எங்கை சனம்? நான் அம்மாவுக்கெண்டு அனுப்பினதெல்லாம் என்னாச்சு?"

"அம்மாவின்ரை மருமேளுக்குச் செலவழிச்சனான், அண்ணை. அம்மா ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் சொல்லுறதெண்டால் இதைக் கேட்டுப் போட்டுச் சொல்லுங்கோ."

போனை அவளுக்கு முன்னால், நெஞ்சுக்கு நேரே நீட்டினேன். உலோக வால்வு. வீடு அடங்கிக் கிடந்தால் அது திறந்து மூடுவது வெளியிலும் கேட்கும். டிக். டிக். டிக். அண்ணை காதைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"என்னடா அது, மணிக்கூடோ?"

"இல்லை அண்ணை, உங்கடை மச்சாள்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. அவள் என் கையைத் தட்டிவிட்டு, போனில் தெரிந்த அண்ணையைப் பார்த்துச் சொன்னாள்:

"கேட்டது காணும், அத்தான். போனை வையுங்கோ, மாமிக்குப் படைச்ச சோறு ஆறுது. எனக்குப் பசிக்குது."