அல்பொன்சா புதைத்த நிறம்

கண்டக்குழிக் கடற்கரையில் இருந்த விடுதியொன்றில் அல்பொன்சா துணி துவைத்தாள். யுத்தத்தின் கடைசி மாதத்தில், முள்ளிவாய்க்காலில், கணவன் நிக்கொலஸ் ஷெல் பட்டு இறந்தான். தன் சேலையால் அவனை மூடிவிட்டு ஒரு பகல் முழுக்கப் பக்கத்தில் இருந்தாள். குழி வெட்ட முடியவில்லை. விட்டுவிட்டு ஓடினாள். அகதி முகாமிலிருந்து வெளியே வந்தபின் இங்கிருந்த தமக்கையிடம் வந்து சேர்ந்தாள். அவனைப் பற்றி யாரோடும் கதைப்பதில்லை.

2014இல் விடுதிச் சுவர்களில் படம் வரையத் தில்லையடியிலிருந்து நிஃப்லா என்ற சித்திர ஆசிரியை வந்தாள். கலகலப்பானவள். தேநீர் வேளையில் ஓவியர்களின் வேடிக்கைக் கதைகளை அவிழ்த்துவிடுவாள். ஒருநாள் மரப்பட்டை போன்ற கபில நிற டியூப்பைப் பிதுக்கியபடி கேட்டாள்:

"அல்பொன்சாக்கா, அந்தக் காலத்துல வெள்ளக்காரன் இந்தக் கலர எதுல செஞ்சான் தெரியுமா? எகிப்து மம்மிய அரைச்சு!"

"மம்மியெண்டா?"

"ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்தி மௌத்தான ஆக்கள். துணி சுத்தி வெச்ச மையத்து, பொணம். இங்கிலாந்துல ஒரு ஓவியர் இது தெரியாமலே தீட்டியிருக்கார். பகல் சாப்பாட்டுல யாரோ சொன்னதும் ஓடிப்போய் டியூப்ப எடுத்து, எல்லாரையும் கூட்டித் தோட்டத்துல அடக்கம் செஞ்சிட்டாராம்! பிறகொரு காலம் கலர் கம்பனிக்காரன் சொன்னானாம், மம்மி முடிஞ்சிட்டு, இனிச் செய்ய ஏலாதெண்டு."

அல்பொன்சா சிரித்தாள். அவள் சிரித்ததை விடுதியில் அன்றுதான் பார்த்தார்கள்.

மறுநாள் அந்த அறைக்குள் அவளால் கால் வைக்க முடியவில்லை. சுவரில் நிஃப்லா வள்ளங்கள் வரைந்திருந்தாள். கபிலம் காய்ந்துகொண்டிருந்தது. நிக்கொலஸை மூடிய சேலையில் கறை காய்ந்ததும் இதே நிறத்தில்தான். அதன்பின் விரிப்புகளைக் காயப்போடும் போதெல்லாம் துணிக்கு மறுபுறம் யாரோ நின்றார்கள். விலக்கிப் பார்த்தால் மணல்தான்.

"பயப்படாதீங்க அக்கா. இப்ப மையத்துல செய்றல்ல. மண்ணுலதான் செய்றாங்க," என்றாள், அவள் வாசலிலேயே நிற்பதைக் கண்ட நிஃப்லா.

"எந்த மண், ரீச்சர்?"

நிஃப்லா தூரிகையைக் கீழே வைத்தாள்.

"அந்த டியூப்ப எனக்குத் தாறீங்களோ?"

நிஃப்லா மூடியை இறுக்கி, துடைத்து, அவள் கையில் வைத்தாள். இருவருமாகத் தாழம்புதர் ஓரத்தில் குழி தோண்டினார்கள். அல்பொன்சா செபம் சொல்லி முடிக்கும்வரை நிஃப்லா முக்காட்டை இழுத்துவிட்டுக் கைகளை ஏந்தி நின்றாள். பிறகு இரண்டு தடிகளைக் கட்டிச் சிலுவை நட்டார்கள்.

நிக்கொலஸ் வருவது நிற்கவில்லை. துணிக்கு அந்தப் பக்கம் இன்னும் நின்றான். ஆனால் இப்போது அவள் விலக்கிப் பார்ப்பதில்லை. அன்றன்று நடந்தவற்றை அவனுக்குச் சொல்லிக்கொண்டே துணி விரிப்பாள்.

நவம்பரில், இறந்தோர் தினத்தன்று, அவள் அந்தச் சிலுவையடியில் மெழுகுதிரி கொளுத்தினாள். வன்னியிலிருந்து வந்து குடியேறிய இராஜேஸ்வரி என்பவள் கருவாடு விற்றுவிட்டுக் கரையால் போனாள். திரும்பி வந்தாள். யாருடைய குழி என்று கேட்கவில்லை.

"இதில எண்ட பெடியனுக்கும் ஒண்டு கொளுத்தட்டே?"

"கொளுத்துங்கோ. இடம் கிடக்கு."

கடற்காற்றில் திரிகள் அணைந்து அணைந்து போயின. இருவரும் மாறி மாறிக் கைகளால் மறைத்துக்கொண்டு குந்தியிருந்தார்கள்.