செருப்புக் கடித்தால்

கல்முனையில் நான் தாதியாக வேலை செய்த கிளினிக்குக்கு ஒரு மௌலவியா வந்தார். வீடு வீடாகச் சைக்கிளில் போய்ப் பெண் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவர். சக்கரத்தில் சிக்காமலிருக்க அபாயாவின் ஓரத்தை உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் பிடித்திருந்தார்.

பெண்ணுறுப்பின் ஓரத்தில் கட்டி என்று குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். லேடி டொக்டர் பார்த்துவிட்டு, "பயப்பட ஒண்டுமில்ல. சீட் உரசி வந்த சாதாரணக் கட்டி. இனிச் சைக்கிள் ஓடாதீங்க. பொம்புளைக்கு என்னத்துக்கு இது?" என்றார்.

மௌலவியா கிளிப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டே கேட்டார்: "செருப்புக் கடிச்சா செருப்பத்தானே மாத்தச் சொல்லுவீங்க, டொக்டர்? நடக்க வேணாமெண்டா சொல்லுவீங்க?"

டொக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. ஆண்கள் பகுதியிலும் வேலை செய்திருக்கிறேன். சீட் உரசிப் புண்ணாகி வந்த ஆண் எவரையும் சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னதை நான் கேட்டதே இல்லை.